பனி ஊர் விடுதியில் ஒரே ஓர் இடம்

ஒவ்வொரு நவம்பரிலும் பிள்ளைகள் என் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "மிஸ், எந்த நாட்டுக்குப் போனா நல்லது?" எங்களுடையது ஹோட்டல் தொழில் சொல்லித்தரும் கல்லூரி. மூன்றாம் ஆண்டு முழுவதும் வெளிநாட்டு விடுதி ஒன்றில் பயிற்சி வேலை பார்த்தாக வேண்டும். மொழி வருமா பார், தங்குமிடம் எப்படி என்று விசாரி, ஒப்பந்தத்தை இரண்டு தடவை படி என்று நானும் சொல்கிறேன். கையில் ஒரு தாளும் கொடுக்கிறேன். அந்தத் தாளை எழுதியதே நான்தான். அதில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. நீ எடுக்கப்போகும் இடம் இன்னொருத்திக்கு உயிரா என்று பார்த்துக்கொள். எழுதினால் சிரிப்பார்கள். இருபது வயதில் நானும் சிரித்திருப்பேன்.

என் காலத்தில் பயிற்சிப் பொறுப்பாளர் கோ சார்தான் எல்லாம். எங்கள் துறைமுக நகரமான காவோசியுங்கில், கல்லூரி அரங்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் இடங்களின் பட்டியல். எங்கள் பெயர் எழுதிய சிறு காந்தங்கள் மேஜையில் இருக்கும். மதிப்பெண் வரிசைப்படி கூப்பிடுவார்கள். போய், வேண்டிய இடத்துக்கு நேரே நம் காந்தத்தை ஒட்ட வேண்டும். யோசிக்க முப்பது வினாடி. ஒட்டியதை எடுக்க முடியாது. மத்தியானமே பட்டியல் வெளிநாட்டுக்குப் போய்விடும்.

அந்த வருஷம் நான் மூன்றாவது. நான்காவது வான்-லின். விடுதி அறையில் எனக்கு மேல் கட்டிலில் படுப்பவள். இரண்டு வருஷமாக ஒரே சோப்பு, ஒரே குடை, ஒரே நூடுல்ஸ் கிண்ணம். அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அவள் அம்மா ஜப்பானுக்கு வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. அப்பா குடித்தே செத்தார். அத்தை வளர்த்தாள். அத்தையின் அலமாரியில் ஒரு பழைய தபால் உறை இருந்தது. அதன் பின்பக்கம் அம்மாவின் விலாசம். யுனோசாவா என்று ஒரு மலை ஊர், பனி கூரை வரைக்கும் கொட்டும் ஊர். எங்கள் கல்லூரிப் பட்டியலில் அதே யுனோசாவாவில் ஒரு வெந்நீர் ஊற்று விடுதியின் பெயர் வந்தபோது வான்-லின் அந்தத் தாளை நாள் முழுக்கக் கையிலேயே வைத்திருந்தாள். இடம் ஒன்றே ஒன்று.

"அந்தப் பொந்துக்கு யாருடி போவா? ஆறு மாசம் பனி, மீதி ஆறு மாசம் கரடி," என்றேன் நான். "கவலையே படாதே. அது உனக்குத்தான்."

"நீ ஒசாகாதானே?"

"நான் ஒசாகா. செத்தாலும் ஒசாகா."

அந்தத் தைரியத்தில்தான் அவள் நிலாத் திருவிழா சமயத்தில் அந்தப் பழைய விலாசத்துக்கு ஒரு அட்டை எழுதிப் போட்டாள். 'மார்ச் மாதம் உங்கள் ஊர் வெந்நீர் ஊற்று விடுதிக்குப் பயிற்சிக்கு வருகிறேன்.' அவ்வளவுதான் எழுதினாள், கீழே தன் பெயர். பதில் வரவில்லை. வராததைப் பற்றி அவள் பேசவும் இல்லை.

காந்தம் ஒட்டும் நாளுக்கு முந்தின சாயங்காலம் என் அம்மா என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மீன் சந்தையில் வியாபாரம் பார்க்கிறவள் அவள். கடல் தெய்வம் மாஜுவைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஒரு பாத்திரம்கூட மாற்ற மாட்டோம். பிறை வடிவத்தில் இரண்டு மரக்கட்டை. கேள்வியைச் சொல்லிவிட்டுத் தரையில் போட வேண்டும். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சரி. தொடர்ந்து மூன்று தடவை அப்படி விழுந்தால் தெய்வமே கையெழுத்துப் போட்ட மாதிரி. அம்மா பட்டியலைக் கண்ணுக்கு அருகில் பிடித்து ஒவ்வொரு ஊராகக் கேட்டாள். ஒசாகாவுக்கு இரண்டும் கவிழ்ந்தன. சிங்கப்பூருக்கும் அப்படியே. யுனோசாவாவுக்கு மூன்று தடவையும் சரி விழுந்தது.

"அம்மா, அது வான்-லின்னுக்குன்னு பேசி வெச்சது."

"பேசி வெக்க அது என்ன சந்தைல மீனா? அம்மன் மூணு தடவை தலையாட்டியிருக்கா. நீ என்னடி குறுக்க பேசுறே?"

"அவளோட அம்மா அங்க இருக்காங்கம்மா."

"பெத்து விட்டுட்டு ஓடுனவளைப் பாத்து அவளுக்கு என்ன ஆகப்போகுது? கெட்டதுதான் நடக்கும். சாமிக்கு அதுவும் தெரியும்."

நான் கட்டைகளைப் பொறுக்கித் தட்டில் வைத்தேன். மறுநாள் ஒசாகாவையே எடுப்பது என்று முடிவோடுதான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் ஒசாகாவில் இருந்தது இரண்டே இடம், அவற்றை எனக்கு முன்னால் போன இரண்டு பேரும் எடுத்துவிட்டார்கள். என் பெயரைக் கூப்பிட்டபோது ஜப்பானில் மிச்சம் இருந்தது யுனோசாவா மட்டும். இரண்டு வருஷம் ஜப்பானிய மொழி படித்திருக்கிறேன். மீதியெல்லாம் சிங்கப்பூரும் குவாமும்.

"முப்பது வினாடி," என்றார் கோ சார். "உன் கல்யாணத்துக்கா மாப்பிள்ளை பாக்குறே? ஒட்டும்மா."

ஒட்டினேன். பலகையில் காந்தம் ஒட்டும் அந்த டக் சத்தத்தோடு அரங்கத்தில் யாரோ "அய்யோ" என்றார்கள். அது வான்-லின் இல்லை. அவள் எழுந்து வந்தாள், பலகையைப் பார்த்தாள், தன் காந்தத்தைச் சிங்கப்பூருக்கு நேரே ஒட்டிவிட்டு என்னைத் தாண்டிப் போனாள். அன்று மத்தியானத்துக்குள் கோ சாரிடம் போய் அழுதிருந்தால் மாற்றித் தந்திருப்பார், அவர் அவ்வளவு கல்நெஞ்சக்காரர் இல்லை. நான் போகவில்லை. சாமி சொன்னது என்று பழியைத் தூக்கி அம்மன் தலையில் போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டேன். வான்-லின் அன்றைக்கே வேறு அறைக்கு மாறிவிட்டாள். போனில் என் எண்ணை அடைத்துவிட்டாள்.

மார்ச்சில் யுனோசாவா போனேன். சீனப் பெயர் விருந்தாளிகளுக்கு வாயில் நுழையாது என்று முதல் நாளே என் கிமோனோவில் 'ஹரு' என்று ஒரு அட்டையைக் குத்தினார்கள். பணிப்பெண்களுக்குத் தலைமை இகராஷி அம்மா. அவர் கண்ணில் நான் செய்த எதுவும் சரியில்லை.

"கதவைத் திறக்குறதுக்கு முன்னாடி மண்டி போடு. எத்தனை வாட்டி சொல்றது? உங்க ஊர்ல வீட்டுக்குக் கதவே கிடையாதா?"

முழங்கால் இரண்டும் கறுத்துப்போயின. நான்கு வாரம் என் மொழியில் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. இரவில் போர்வைக்குள் எனக்கு நானே பேசிக்கொண்டேன்.

புதன் தவிர தினமும் காலையில் எங்கள் சமையலறைப் பின்வாசலுக்கு ஒகுரா என்ற மனிதர் டோஃபு கொண்டுவருவார். வாளியை வைப்பார், குனிவார், போவார். ஏப்ரல் கடைசியில் ஒரு புதன்கிழமை, அவர் கடைக்கு விடுமுறை நாள், ஒரு பெண் வந்து அந்த வாசலில் நின்றார். ஐம்பது வயதுக்குள் இருக்கும். துணி சுற்றிய டப்பா ஒன்றை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் எங்கள் ஊர்ப் பேச்சில் பேசினார்.

"ஒரு மாசமா எங்க கடை வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். கோவமா இருப்பே, வர மாட்டேன்னு தோணுச்சு. அதான் நானே வந்துட்டேன். அட்டை கிடைச்சுது. பத்து தடவை பதில் எழுத உக்காந்தேன் பாப்பா. ஒரு வரி வரல. நேர்லதான் வர்றியே, நேர்லயே சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

சொல்லிக்கொண்டே அழுதார். இவர்தான் மெய்-ஷியா, வான்-லின்னின் அம்மா என்று புரிந்தது. டோஃபு ஒகுராவோடு குடும்பம் நடத்துகிறவர் என்பது பிறகு தெரிந்தது. காவோசியுங்கிலிருந்து, சொன்ன மாதத்தில், சொன்ன விடுதிக்கு ஒரு பெண் பயிற்சிக்கு வந்திருக்கிறாள். அவர் வேறு என்ன நினைப்பார்? ஐந்து வயதில் விட்டுப்போன முகத்தை இருபது வயதில் எதை வைத்து அடையாளம் பார்ப்பார்?

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து இகராஷி அம்மா "ஹரு!" என்று கத்தினார். மெய்-ஷியா டப்பாவை என் கையில் திணித்து, "போ, போ, திட்டப் போறாங்க. அடுத்த புதன் வர்றேன்," என்று ஓடினார். டப்பாவில் உப்பு முள்ளங்கி போட்ட முட்டை அடை இருந்தது. எனக்கு முள்ளங்கி ஆகாது. வான்-லின்னுக்கு உயிர். பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று முழுவதையும் தின்றேன்.

அன்றைக்கே வான்-லின்னுக்கு மின்னஞ்சல் எழுதியிருக்கலாம். எழுதவும் தொடங்கினேன். 'உன் அம்மா என்னை நீ என்று நினைத்துவிட்டார்' என்ற வரிக்கு மேல் போக முடியவில்லை. முதலில் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவோம், பிறகு இவளுக்கு எழுதுவோம் என்று நினைத்தேன். அடுத்த புதன் சொல்லலாம் என்று இருந்தேன். அந்தப் புதனும் போனது, அதற்கடுத்த புதனும் போனது. கோழை என்று என்னைத் திட்டுகிறவர்கள் திட்டுங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் என் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வந்த ஒரே ஆள் அவர்தான். நான் அந்த அன்புக்காகவும் பொய்யை வளர்த்தேன்.

"அத்தை எப்படி இருக்கா? இன்னும் காலை டிபன் கடைதானா?"

"ஆமா. இப்ப முழங்கால் வலி. நின்னு சுட முடியல."

"இடது கைலதான் இன்னும் எழுதுறியா?"

"வாத்தியார் அடிச்சு மாத்திட்டார்."

எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருஷம் மேல் கட்டிலிலிருந்து அவள் சொல்லச் சொல்லக் கேட்ட கதைகள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அவள் அம்மாவுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நன்றாகப் பேசினேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை டோஃபு கடையின் பின்கட்டில் உட்கார்ந்திருந்தோம். ஒகுரா தேநீர் வைத்துவிட்டு, எங்களுக்கு இடம் விட்டு வெளியே போனார். மெய்-ஷியா கோப்பையைத் தொடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பதினஞ்சு வருஷமா கேக்கணும்னு இருக்கேன். நான் கிளம்புன அன்னிக்குக் காலைல நீ தூங்கிட்டுதானே இருந்தே?"

வான்-லின் இதை மட்டும் என்னிடம் சொன்னதே இல்லை.

"மூணு மாசத்துல வந்துடலாம்னுதான் போனேன். உங்கப்பன் அடி தாங்கல. அஞ்சரை மணிக்குப் பஸ். நீ சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தே. எழுப்புனா நீ அழுவே. நீ அழுதா நான் போக மாட்டேன். அதனாலதான் எழுப்பல. ஆனா கதவைச் சாத்தும்போது உன் போர்வை அசைஞ்சுது. அசைஞ்ச மாதிரி இல்ல, அசைஞ்சுது. நான் பாத்தேன். பாத்துட்டும் சாத்திட்டேன்." கையை மேஜைக்கு மேல் வைத்து, ஒரு போர்வை அசைவதைப் போல விரலை லேசாகத் தூக்கிக் காட்டினார். "நீ முழிச்சிருந்தியா பாப்பா?"

நான் என்ன சொல்வேன்? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

"தூங்கிட்டுதாம்மா இருந்தேன். எனக்கு ஒண்ணுமே தெரியாது."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பையை எடுத்து, ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். மார்ச்சில் என்னோடு ஊருக்கு வருவதாக அன்றுதான் சொன்னார். அத்தையின் காலில் விழ வேண்டும் என்றார். அதற்குள் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். புத்தாண்டு முடியட்டும், ஜனவரி நடுவில் சொல்லிவிடலாம் என்று நாளே குறித்தேன்.

ஜனவரி ஒன்பதாம் தேதி, மூன்று நாள் விடாமல் பெய்த பனி காலையில் நின்றது. ஒகுரா எங்கள் பின்வாசலில் வாளியை இறக்கிக்கொண்டிருந்தார். கடை வாசலில் வழி வெட்டிக்கொண்டிருந்த மெய்-ஷியாவின் மேல் கூரைப் பனி மொத்தமாகச் சரிந்தது. அங்கே வருஷத்துக்கு ஒருவராவது அப்படிச் சாகிறார்கள். தோண்டி எடுக்கக் கால் மணி நேரம் ஆனது.

இகராஷி அம்மா தன் கறுப்புக் கிமோனோவை எனக்கு உடுத்திவிட்டார். நாடாவை இறுக்கும்போது, "அம்மான்னு முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் நாலு நாள் லீவு குடுத்திருப்பேனே, கூறு கெட்டவளே," என்று அழுதார். ஊரே அப்படித்தான் நினைத்தது.

எரித்து முடித்ததும் எலும்புகளைத் தட்டில் வெளியே கொண்டுவந்தார்கள். நெருங்கின சொந்தம் இரண்டு பேர் இரண்டு ஜோடிக் குச்சியால் ஒரே எலும்பைச் சேர்ந்து பிடித்து ஜாடிக்குள் வைக்க வேண்டும். ஒகுரா ஒரு ஜோடிக் குச்சியை என் பக்கம் நீட்டினார்.

"ஒகுரா ஐயா, நான் வந்து… நான் அவங்களோட…"

"தெரியும்மா. கஷ்டமாத்தான் இருக்கும். நான் பிடிச்சுக்கிறேன்." அவர் அதிகம் பேசாத மனிதர். அன்று மட்டும் பேசினார். "நீ வந்தப்புறம்தான் அவ அடுப்படியில பாட ஆரம்பிச்சா. அதுக்கு முன்னாடி அவளுக்குப் பாட வரும்னே எனக்குத் தெரியாது."

குச்சியை வாங்கினேன். கால் எலும்பிலிருந்து தொடங்கி, தொண்டை எலும்பு வரை அவரோடு சேர்ந்து எடுத்தேன். வான்-லின்னின் கை இருந்திருக்க வேண்டிய இடத்தில் என் கை இருந்தது. என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய திருட்டு இல்லை. கடைசியில் ஒகுரா கொஞ்சம் எலும்பைத் தனியாக ஒரு சின்ன ஜாடியில் எடுத்து வெள்ளைத் துணியில் கட்டிக் கொடுத்தார். மகள் ஊருக்கு எடுத்துப்போகட்டும் என்றார்.

மார்ச்சில் பயிற்சி முடிந்து திரும்பியபோது அந்த ஜாடியை மடியிலேயே வைத்திருந்தேன். வான்-லின் சிங்கப்பூரிலிருந்து முந்தின வாரமே வந்திருந்தாள். அத்தையின் டிபன் கடையில் தோசைக்கல் மாதிரியான பெரிய கல்லின் முன் நின்று முட்டை அடை சுட்டுக்கொண்டிருந்தாள். காலைக் கூட்டம் ஓய்ந்த நேரம். என்னைப் பார்த்தாள். பிறகு வெள்ளைத் துணிக் கட்டைப் பார்த்தாள்.

"யாரு?" என்றாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட வேண்டும் என்று விமானத்தில் உறுதி எடுத்திருந்தேன். பின்வாசல், முள்ளங்கி அடை, புதன்கிழமைகள், பனி, குச்சி எல்லாம் சொன்னேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னை விட்டுட்டுப் போன நாளைப் பத்தி அவ என்ன சொன்னா? அப்படியே சொல்லு."

"எழுப்புனா நீ அழுவே, நீ அழுதா போக மாட்டேன், அதான் எழுப்பலன்னாங்க. தூங்கிட்டுதானே இருந்தே, அப்படின்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"தூங்கிட்டிருந்தேன்னு சொன்னேன்."

துணி நின்றது.

"நான் தூங்கலடி," என்றாள். "அவ செருப்பு மாட்டுற வரைக்கும் எல்லாம் கேட்டுச்சு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டிருந்தேன். நல்ல பிள்ளையாத் தூங்குனா விட்டுட்டுப் போக மாட்டாள்னு நெனச்சேன். கதவு சத்தம் கேட்டதும் பயந்துட்டேன். அப்பதான் போர்வையை அசைச்சேன். வேணும்னேதான் அசைச்சேன், பாக்கட்டும்னு." என் முகத்துக்கு நேரே வந்தாள். "அது ஒண்ணைக் கேக்கத்தான் அங்க போக இருந்தேன். வேற எதுக்கும் இல்ல. போர்வையைப் பாத்தாளா? அதைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

மேஜைக்கு மேல் மெதுவாக எழும்பிய அந்த விரல் என் கண்ணில் வந்தது. நான் பாத்தேன், பாத்துட்டும் சாத்திட்டேன். போர்வையை மட்டும் நான் சொல்லாமல் விட்டிருந்தேன், அது எதற்கு இவளுக்கு என்று. இப்போது அவளே வாய் திறந்து கேட்கிறாள். ஒரு வார்த்தைதான். சொன்னால் இவள் எப்படித் தாங்குவாள்? பெற்றவள் பார்த்துவிட்டுத்தான் போனாள் என்று எந்த வாயால் சொல்வது?

"இல்லடி," என்றேன். "பாக்கல. போர்வையைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன். அம்மாவின் முகம் அன்று தெளிந்ததே, அதுபோல. வான்-லின் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டாள். ஜாடியை எடுத்து, மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் தெறிக்காத இடமாகப் பார்த்து வைத்தாள்.

"அப்போ நான்தான் இன்னும் கொஞ்சம் பெருசா அசைச்சிருக்கணும்," என்றாள்.

வாசலில் யாரோ இரண்டு அடை கேட்டார்கள். அவள் கல்லில் மாவை ஊற்றினாள். நான் அங்கேயே நின்றேன், அது இரண்டு பக்கமும் வெந்து, மடித்து, பொட்டலம் கட்டிக் கொடுக்கும் வரைக்கும். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அவ்வளவு நேரம் இருந்தது. சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் சொல்லவில்லை.